கொரோலா 121 ஐ காஸுக்கு மாத்தினா வால்வு போகுமோ? பூட்டி ஓடின ஆக்கள் சொல்லுங்கோ

மாங்குளம்_மண்வாசி

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை ஒரு கொரோலா 121 நிக்குது, 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர். ஹயருக்கும் ஓடுறன் வீட்டு அலுவலுக்கும் ஓடுறன், கூடுதலா ஏ9 இல வவுனியா கிளிநொச்சி தான், இடைக்கிடை கொழும்பு. 2022 இல பெற்றோல் 470 ரூபா போன நேரமே காஸுக்கு (எல்பிஜி) மாத்துவம் எண்டு நினைச்சனான், அப்ப பாத்தா காஸும் இல்லாமப் போச்சு, சரி எண்டு விட்டிட்டன். இப்ப மச்சான் திரும்பத் தூண்டுறார், குருநாகல் பக்கம் ஆரோ தங்கட வானில இருந்து கழட்டின காஸ் கிற் (காஸுக்கு மாத்துற சாமான் செற்) ஒண்டு ராங்க்கோட மலிவாக் குடுக்கினமாம், வாங்கிப் பூட்டுவம் எண்டு நிக்கிறார்.

எனக்கு எஞ்சினைப் பத்தித் தான் பயம். கராஜில கேட்டா ஒருத்தர் சொல்லுறார் காஸ் காய்ஞ்ச சாமான், பெற்றோல் மாதிரி ஈரம் இல்லை, வால்வைத் தின்னும் எண்டு. இன்னொருத்தர் சொல்லுறார் ஒரு சின்னப் போத்தில் பூட்டி அதுக்குள்ள ஒரு ஒயில் விட்டா சொட்டுச் சொட்டா இறங்கி வால்வைக் காப்பாத்தும், ஒண்டும் யோசிக்காதை எண்டு. மூண்டாவது ஆள் ஹெட்டை (எஞ்சின்ரை மேல் மூடி) கழட்டி சீற் (வால்வு மூடேக்கை வந்து இருக்கிற வளையம்) மாத்தாமப் பூட்டாதை எண்டுறார். மூண்டு பேரும் மூண்டு பக்கம் இழுக்கினம், நான் நடுவில நிக்கிறன். இப்ப எஞ்சின் நல்ல நிலையில இருக்கு, ஒயில் குடிக்கேல்லை, புகை இல்லை. இந்தப் போத்தில் விசயம் உண்மையோ? சீற் மாத்துறதெண்டா எங்கட பக்கத்தில செய்யலாமோ இல்லாட்டி கொழும்புக்குத் தான் கொண்டு போகோணுமோ?

மொறிஸ்_பெரியப்பா

தம்பி, காஸ் வால்வைத் தின்னும் எண்டு சொல்லுற ஆக்கள் பாதி சரி. ஏன் தின்னுது எண்டு விளங்கினாத் தான் என்ன செய்யிறதெண்டு விளங்கும், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்.

பழைய காலத்துப் பெற்றோலில ஈயம் போட்டவங்கள். அது எஞ்சின் தட்டாமல் இருக்கத் தான் போட்டது, ஆனா எரிஞ்சாப் பிறகு அந்த ஈயம் எக்ஸோஸ்ற் வால்வும் (எரிஞ்ச புகையை வெளிய விடுற வால்வு) சீற்றும் முட்டுற இடத்தில மெல்லிசாப் பாய் விரிச்ச மாதிரிப் படிஞ்சு போய்க் கிடக்கும், வால்வு வந்து இருக்கேக்கை இரும்பு இரும்போட நேர முட்டாது. ஈயம் நிண்ட உடனை அந்தப் படிவும் போச்சு. எக்ஸோஸ்ற் வால்வு 700 பாகைக்கு மேல சூட்டில நிக்கிற சாமான், 3000 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு 3000 சுத்து) ஓடேக்கை ஒரு செக்கனுக்கு 25 தரம் சீற்றில வந்து இருக்கும். அந்தச் சூட்டில வால்வும் சீற்றும் கண்ணுக்குத் தெரியாத புள்ளி புள்ளியா ஒட்டும், திறக்கேக்கை அந்த ஒட்டினதைப் பிச்சுக்கொண்டு போகும், பிஞ்ச தூள் அரம் மாதிரி நிண்டு மிச்சத்தையும் அராவும். சீற் தேய வால்வு ஹெட்டுக்குள்ள உள்ளுக்குப் போகும். ஈரம் இல்லை எண்டு சொல்லுறது இதைத் தான், ஆனா அது ஒயில் இல்லாத பிரச்சினை இல்லை, சூட்டுப் பிரச்சினை.

எங்கட பக்கத்தில இந்தக் கதை பிந்தித் தான் வந்தது. தொண்ணூறுகளில பெற்றோல் தடை, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடினது உனக்கு ஆரும் சொல்லியிருப்பினம். காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில விடுறது. அப்பவும் வால்வு கழட்டினனாங்கள் தான், ஆனா அது கரியால, கரி சீற்றில மாட்டுப்பட்டு வால்வு வடிவா மூடாமல் ஓரம் எரிஞ்சு போயிருக்கும். பேந்து 2002 இல பாதை திறந்து பெற்றோல் தாராளமா வந்திது, அதே வருசம் தான் இலங்கையில ஈயம் போட்ட பெற்றோலையும் நிப்பாட்டினது. அதால மண்ணெண்ணெயில இருந்து நேர ஈயம் இல்லாத பெற்றோலுக்கு வந்த எங்கட மொறிஸுகள், ஹெட்டின்ரை வார்ப்பிரும்பிலையே சீற் வெட்டியிருக்கிற எஞ்சினுகள், ஏ9 இல விட்டு மிதிக்க மிதிக்க ரப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கிற இடத்தில விடுற இடைவெளி) இறுகிக்கொண்டு வந்திது. காஸிலையும் அதே வேலை தான் நடக்கிறது.

உன்ரை 121 அலுமினியம் ஹெட், சீற் வேற இரும்பில செய்து அழுத்திப் பூட்டினது. ஈயம் இல்லாத பெற்றோலுக்கு எண்டே செய்த சீற், அதுக்குக் காணும். காஸுக்குக் காணுமோ எண்டது தான் கேள்வி.

பரந்தன்_கெளுத்தி

எல்லாரும் வால்வைப் பத்திக் கதைக்கிறியள், தம்பி எங்க போய் காஸ் அடிக்கப் போறார் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை 😄 வாகனக் காஸ் அடிக்கிற இடம் உங்கட ஓட்டப் பாதையில எங்க இருக்கு எண்டதை முதல் பாத்து வையுங்கோ.

ஏன் சொல்லுறன் எண்டால் அடுத்ததா ஆரும் வந்து வீட்டுச் சிலிண்டரை டிக்கியில வைச்சு லைன் இழுக்கலாம் எண்டு சொல்லுவினம். தயவு செய்து செய்யாதையுங்கோ. வாகன ராங்க்கில 80 வீதத்துக்கு மேல நிரப்ப விடாத வால்வு இருக்கு, குழாய் வெடிச்சா தானே அடைக்கிற வால்வு இருக்கு, காஸைத் திரவமா எடுக்கிற குழாய் இருக்கு. 12.5 கிலோச் சிலிண்டரில உதுகள் ஒண்டும் இல்லை, அது குசினியில நிமிந்து நிண்டு மேலால ஆவி விடுறதுக்குச் செய்த சாமான். டிக்கியில ஒழுகினா காஸ் காத்தை விடப் பாரம், கீழ தான் தேங்கும், மணம் வர முதல் ஆக்கள் இருக்கிற சீற்றுக்கடியில நிறைஞ்சிடும். ஆக்களை ஏத்துற வாகனம் எண்டு வேற சொல்லுறியள்.

முல்லை_பலெர்மோ

அண்ணை நான் முல்லைத்தீவு, இப்ப இத்தாலியில பலெர்மோவில ஒரு ஒபிசினாவில, கராஜைத் தான் சொல்லுறன், வேலை செய்யிறன். இஞ்சை ஜிபிஎல் எண்டு சொல்லுவாங்கள், றோட்டில கனக்க வாகனம் காஸில தான் ஓடுது, அதால வால்வு எரிஞ்ச ஹெட்டும் பாத்திருக்கிறன், லட்சம் கிலோமீற்றர் தாண்டி ஒண்டும் ஆகாத ஹெட்டும் பாத்திருக்கிறன். ரெண்டுக்கும் வித்தியாசம் போத்திலில இல்லை, ரியூனிங்கில தான்.

முதல் அந்தக் குருநாகல் கிற். வானில இருந்து கழட்டினது எண்டுறியள், அது அனேகமா மிக்சர் கிற்றா இருக்கும், அதாவது காத்துப் போற குழாயில ஒரு வளையம் வைச்சு எஞ்சின் இழுக்கிற இழுவைக்குக் காஸ் விடுறது. காபரேற்றர் வாகனத்துக்கு அது சரி. 121 க்கு வேண்டாம். காஸ் முழு இன்ரேக்குக்குள்ளையும் (காத்து உள்ள போற வழி) நிரம்பி நிக்கும், ஒருக்கால் பின்னடிச்சுதெண்டால் பிளாஸ்ரிக் மனிபோல்டும் எயார் பில்டர் பெட்டியும் வெடிக்கும், காத்து அளக்கிற சென்சரும் போகும். உங்களுக்கு வேண்டியது சிலிண்டருக்கு ஒரு காஸ் இன்ஜெக்டர் இருக்கிற சீகுவென்ஷல் கிற். பழைய ராங்க்கும் யோசிக்கோணும், இஞ்சை 10 வருசம் முடிஞ்ச ராங்க்கைக் கட்டாயம் மாத்தோணும், அந்த ராங்க்கில அடிச்சிருக்கிற செய்த திகதியைப் பாருங்கோ.

இப்ப வால்வு. பெரியப்பா சொன்ன தேய்மானம் உண்மை, ஆனா அதை வேகமாக்கிறது மெலிஞ்ச கலவை. காஸ் எரிய ஒரு பங்குக்கு 15.6 பங்கு காத்து வேணும், பெற்றோலுக்கு 14.7. பூட்டுற ஆள் சும்மா நிக்கேக்கை மட்டும் ரியூன் பண்ணி, எஞ்சின் வடிவா ஓடுது எண்டு காசை வாங்கிப் போட்டு அனுப்பினா, நீங்கள் ஏ9 நேர் றோட்டில நாலு பேரோட ஏசியும் போட்டு மிதிக்கேக்கை ரெடியூசர் (திரவக் காஸை ஆவியாக்கி அழுத்தம் குறைச்சு விடுற சாமான்) குடுக்கிற காஸ் காணாது. கலவை மெலியும், மெலிஞ்ச கலவை ஆறுதலா எரியும், எக்ஸோஸ்ற் வால்வு திறக்கேக்கையும் நெருப்பு எரிஞ்சுகொண்டே வால்வைக் கடந்து போகும். பெற்றோல் எண்டா தெளிச்ச ஈரம் ஆவியாகேக்கை கொஞ்சச் சூட்டை உறிஞ்சும், காஸ் ஆவியாத் தான் உள்ள வருது, அந்தக் குளிர்மையும் இல்லை.

அதால கிற் பூட்டினாப் பிறகு ஸ்கானர் போட்டு றோட்டில ஓடிப் பாக்கச் சொல்லுங்கோ. பெற்றோலில ஓடேக்கை பியூவல் ற்றிம் (எஞ்சின் தானே எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற வீதம்) என்ன காட்டுது, காஸில மாத்தின உடனை அதே வேகத்தில அதே பாரத்தில என்ன காட்டுது எண்டு. காஸில பிளஸ் 10 வீதத்துக்கு மேல ஏறிக்கொண்டு போகுதெண்டா எஞ்சின் காஸ் காணாதெண்டு கத்துது எண்டு அர்த்தம். நிப்பாட்டி வைச்சு லப்ரொப்பைப் பாத்து ஓகே அண்ணை எண்டு சொல்லுறவரை நம்பாதையுங்கோ. பிளக் இடைவெளியையும் கொஞ்சம் குறைச்சு 0.7, 0.8 மி.மீ இல வைக்கச் சொல்லுங்கோ, காஸைப் பத்த வைக்க மின்னழுத்தம் கூட வேணும், பழைய கொயிலுகள் திணறும். ஒண்டு மிஸ் பண்ணினாலும் எரியாத காஸ் சைலன்சருக்குள்ள போய் எரியும்.

போத்தில் கதைக்கு வாறன். அதுக்குள்ள விடுற திரவத்தில பொட்டாசியம், சோடியம் மாதிரி உலோகச் சேர்வை இருக்கும், அது ஈயம் செய்த வேலையைக் கொஞ்சம் செய்யும், அது பொய் இல்லை. 1000 லீற்றர் காஸுக்கு 1 லீற்றர் அளவில போகோணும். பிரச்சினை என்னெண்டா மலிவான போத்தில் இன்ரேக் இழுவையில தான் சொட்டுறது. எஞ்சின் சும்மா நிக்கேக்கை இழுவை கூட, அப்ப நல்லாச் சொட்டும், அப்ப வால்வுக்கு ஒரு கஷ்ரமும் இல்லை. அக்சிலேற்றரை முழுசா மிதிக்கேக்கை இழுவை இல்லாமப் போயிடும், வால்வு வேகிற நேரத்தில சொட்டு நிண்டிடும். அதோட குழாயை ஒரு இடத்தில குத்தி விடுறதால கிட்ட இருக்கிற சிலிண்டருக்குக் கூடப் போகும், கடைசிச் சிலிண்டருக்கு ஒண்டும் போகாது. பூட்டுறதெண்டா ஆர்பிஎம், பாரம் பாத்துச் சொட்டுற எலக்ரோனிக் சாமானைப் பூட்டுங்கோ, இல்லாட்டி அந்தக் காசுக்கு வேற வேலை இருக்கு.

இன்னொண்டு, சில சீகுவென்ஷல் கிற்றின்ரை ஈசியுவில (காஸ் விடுறதைக் கட்டுப்படுத்துற கொம்பியூட்டர்) ஆர்பிஎம் கூடேக்கை கொஞ்சம் பெற்றோலும் சேத்து அடிக்கிற வசதி இருக்கு. 4000 க்கு மேல போனா ஒரு பங்கு பெற்றோல், இல்லாட்டி முழுசாப் பெற்றோலுக்கு மாறுறது. ஹயர் ஓடுறவருக்கு இது போத்திலை விடத் திறம், ஆனா பூட்டுற ஆள் லப்ரொப்பில அதைத் திறந்து விடோணும், கேக்காட்டி விடமாட்டினம்.

மாங்குளம்_மண்வாசி

எல்லாருக்கும் நன்றி, கெளுத்தி அண்ணை சிலிண்டர் யோசினை எனக்கு இல்லை பயப்பிடாதையுங்கோ. கிற் மிக்சரோ எண்டு மச்சானிட்டைக் கேட்டனான், படம் அனுப்பினவர், வளையம் தான், ராங்க்கில திகதி தகடே இல்லை, அதை விட்டாச்சு. புதுச் சீகுவென்ஷல் விலை விசாரிக்கிறன்.

ஒரு சந்தேகம். ரப்பட் இறுகும் எண்டு பெரியப்பா சொன்னவர், அப்ப ரப்பட் சத்தம் கூடுமோ? சத்தம் கேட்டாப் பிறகு கராஜுக்குக் கொண்டு போனாக் காணுமோ? அதோட சீற் மாத்துறதை இப்பவே செய்யிறதோ பேந்து செய்யிறதோ எண்டும் ஆரும் சொல்லேல்லை.

லேத்துக்கார_வவுனியான்

சத்தம் கூடாது ஐயா, குறையும். அதில தான் கனபேர் ஏமாறுறது. சீற் தேய வால்வு மேல ஏறும், ஏற காமுக்கும் (வால்வைத் தள்ளுற தண்டு) பக்கற்றுக்கும் (வால்வுக்கு மேல இருக்கிற மூடி) இடையில இருக்கிற இடைவெளி குறையும், டக் டக் எண்டு கேட்ட எஞ்சின் தையல் மிசின் மாதிரி அமைதியாயிடும். ஓனர் சந்தோசப்படுவார், காஸுக்கு மாத்தினாப் பிறகு எஞ்சின் சொவ்ற் எண்டு கூடச் சொல்லிக்கொண்டு திரிவார். இடைவெளி முடிஞ்ச நாள் வால்வு முழுசா மூடாது. எக்ஸோஸ்ற் வால்வு தன்ரை சூட்டில பெரும்பங்கைச் சீற்றில இருந்து தான் ஹெட்டுக்கும் தண்ணிக்கும் குடுக்குது, மூடாட்டி குடுக்க வழியில்லை, ஓரத்தில ஒரு துண்டு கரைஞ்சு V மாதிரி வெட்டுப்பட்டிடும். எனக்கு வாற ஹெட்டில அந்த வெட்டைப் பாத்தாலே காஸில ஓடினது எண்டு சொல்லிப்போடுவன். காலமை குளிர் ஸ்ராட்டில ஒரு சிலிண்டர் தட்டுத்தடுமாறி, சூடானாப் பிறகு சரிவாற வாகனம், இல்லாட்டி ஏசி போட்டுக்கொண்டு நிக்கேக்கை நடுங்குற வாகனம் எண்டா அது தான் முதல் அறிகுறி, சத்தம் இல்லை. ஹைட்ரோலிக் ரப்பட் (ஒயில் அழுத்தத்தில இடைவெளியைத் தானே சரிக்கட்டுறது) இருக்கிற எஞ்சினில இது இன்னும் மோசம், அது தானே சரிக்கட்டிக்கொண்டே போய் ஒரு நாள் இடம் முடிஞ்சு நிக்கும்.

1என்இசட்டில ஹைட்ரோலிக் இல்லை, அது நல்லது, அளந்து பாக்கலாம். எஞ்சின் நல்லா ஆறினாப் பிறகு, இரவு நிப்பாட்டிக் காலமை அளக்கிறது தான் நான் சொல்லுறது, ரப்பட் கவரைக் கழட்டி பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்கோ. இன்ரேக் 0.15 இல இருந்து 0.25, எக்ஸோஸ்ற் 0.25 இல இருந்து 0.35 மி.மீ. கிற் பூட்ட முதலே அளந்து எழுதி வையுங்கோ, பழைய அளவு தெரியாட்டி பிறகு தேஞ்சதோ இல்லையோ எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. எக்ஸோஸ்ற் 0.30 இருந்தது 0.18 ஆனா 0.12 தேஞ்சிருக்கு, அவ்வளவு தான் கணக்கு. காஸில ஓடத் தொடங்கி 10,000 கிலோமீற்றரில ஒருக்கால் பாருங்கோ, மாறேல்லை எண்டா பேந்து 20,000 க்கு ஒருக்கால் காணும். சரிக்கட்டுறது தான் கொஞ்சம் கரைச்சல், இந்த எஞ்சினில மேல மாத்துற சிம்ஸ் (இடைவெளி சரிக்கட்டுற சின்னத் தகடு) இல்லை, காம் கழட்டி வேற தடிப்புப் பக்கற் போடோணும். அதால போடேக்கையே எக்ஸோஸ்ற்றை மேல் எல்லைக்குக் கிட்ட, 0.33, 0.35 அளவில வைச்சு விடச் சொல்லுங்கோ. கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும்.

சீற்: இப்ப கழட்டாதையுங்கோ. நல்லா ஓடுற எஞ்சினின்ரை ஹெட்டைச் சும்மா கழட்டிச் சீற் மாத்துறது எனக்கு வேலை, உங்களுக்குச் செலவு. அளவு வேகமாக் குறையுதெண்டு தெரிஞ்சாப் பிறகு செய்யலாம். செய்யிறதெண்டா எக்ஸோஸ்ற் நாலு சிலிண்டருக்கும் சேத்துச் செய்யிறது, ஒண்டை மட்டும் செய்து தா எண்டு வராதையுங்கோ. பழைய சீற்றை வெட்டி எடுத்து, குழியை அளவுக்குக் குடைஞ்சு, ஹெட்டைச் சூடாக்கி, கடினமான புதுச் சீற்றைக் குளிரில வைச்சு எடுத்து இறக்கிறது, சூடு ஆற இறுகப் பிடிச்சிடும். குழி ஒரு நூல் பெருத்தாலும் ஓடேக்கை சீற் கழண்டு விழும், பிஸ்டனும் போச்சு. குடையுற மிசின் நல்லா இருக்கிற இடமோ எண்டு பாத்துக் குடுங்கோ, அது வவுனியாவோ யாழ்ப்பாணமோ கொழும்போ எண்டது பிறகு. கை ட்ரில்லில குடையுறன் எண்டு சொன்னா ஹெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திடுங்கோ.

வெட்டேக்கை சீற்றின்ரை முகத்தை நல்லா மெல்லிசாக்கி விடுற ஆக்களும் இருக்கினம், பவர் வருமாம். காஸுக்கு எக்ஸோஸ்ற் சீற் கொஞ்சம் அகலமா, ஒண்டரை மி.மீக்குக் குறையாமல் இருக்கோணும், அகலம் இருந்தாத் தான் சூடு இறங்கும். வால்வு கைட் (வால்வுத் தண்டு போய் வாற குழாய்) ஆடுதெண்டா அதையும் மாத்துங்கோ, வால்வு சரிஞ்சு வந்து இருந்தா எந்தச் சீற்றும் நிக்காது.

மொறிஸ்_பெரியப்பா

லேத்துக்காரத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் ஒண்டு சேக்கிறன், ரேடியேற்றர் தண்ணி. எங்கட வெயிலுக்குத் தண்ணி குறைஞ்சாலும் பெற்றோல் வாகனம் கொஞ்சத் தூரம் சமாளிக்கும், காஸ் வாகனத்தில ரெடியூசரும் அந்தச் சுடுதண்ணியில தான் காஸை ஆவியாக்குது, தண்ணி காணாட்டி ரெடியூசர் பனி பிடிச்சு உறையும், காஸ் ஒழுங்கா வராது. பொடியள் காஸ் பழுது எண்டு ஈசியுவைக் கழட்டுவாங்கள், பாத்தா ஒரு போத்தில் தண்ணி குறைவு. உள்றோட்டுப் புழுதிக்கு எயார் பில்டரையும் அடிக்கடி பார், நீ மல்லாவி ஒட்டுசுட்டான் பக்கம் ஹயர் போறனி தானே.

முல்லை_பலெர்மோ

பெற்றோல் ராங்க்கைக் காய விடவும் வேண்டாம். ஸ்ராட் பெற்றோலில தான், ரெடியூசர் சூடானாப் பிறகு தான் காஸுக்கு மாறும், காலமைச் சின்ன ஓட்டம் எல்லாம் பாதி பெற்றோலில தான் போகும், அதையும் கணக்கில சேத்துத் தான் லாபம் பாக்கோணும். லீற்றர் கணக்கில காஸ் 15 இல இருந்து 25 வீதம் கூடக் குடிக்கும், அதையும் கழிச்சுப் பாருங்கோ. இவ்வளவும் போட்டும் லாபம் நிண்டா பூட்டுங்கோ. பரந்தன் அண்ணை கேட்ட கேள்விக்கும் மறுமொழி இன்னும் வரேல்லை 😀

மாங்குளம்_மண்வாசி

அடிக்கிற இடம் தான் இடிக்குது, என்ரை அன்றாட ஓட்டத்துக்க ஒண்டும் சரிவரேல்லை, கொழும்பு ஓட்டம் கூடினாத் தான் சரிவரும் போல. ஒரு ஆள் மாதக் கணக்கா ஓடுற ஹயர் ஒண்டு கதைச்சிருக்கிறார், அது சரிவந்தா பூட்டுவன், இல்லாட்டிப் பெற்றோல் தான். எதுக்கும் இந்தக் கிழமை கவரைக் கழட்டி அளக்கிறன், லேத்துக்கார அண்ணை, எட்டு எக்ஸோஸ்ற் அளவும் போட்டாக் காணுமோ, இன்ரேக்கும் வேணுமோ?

லேத்துக்கார_வவுனியான்

எக்ஸோஸ்ற் எட்டும் காணும், சிலிண்டர் வாரியா எழுதுங்கோ. கவர் கேஸ்கட் புதுசு ஒண்டு வாங்கி வைச்சிட்டுக் கழட்டுங்கோ, பழசைத் திரும்பப் போட்டா ஒயில் ஒழுகும்.